மதர்போர்டும் மூணாவது பின்னும்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இன்று ஞாயிறு, கடை சாத்தியிருக்கிறது. கம்மி பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் செருகப்படும் போர்டு பற்றிக் கேட்கலாம்; கேட்கிறவரை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். கலர் லைட், நாற்காலி பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

தேவகோட்டை: அண்ணே, ரைசன் 5 5600 பிராசசர் எடுக்கிறேன். பி450 போர்டு போதுமா, பி550 வேணுமா?

என்ன கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லாமல் கேட்டால் பாதிப் பதில்தான் வரும், தம்பி. பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் வழி; பி450-இல் இருப்பது 3.0, பி550-இல் அதைவிட இரு மடங்கு வேகமான 4.0. ஆர்எக்ஸ் 6600 போடுவதானால் அதற்கு எட்டு லேன் (தடம்) உண்டு, பி450-இலும் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நாலே லேன். அதை 3.0 போர்டில் செருகினால் வழி பாதியாகக் குறுகிவிடும். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திணறும்.

இன்னொன்று. பி450 வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். பழைய ஸ்டாக் போர்டை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால், அதன் பயாஸுக்கு (போர்டைக் கிளப்பும் உள் மென்பொருள்) இந்தப் பிராசசரைத் தெரியாது; ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். பயாஸ் வெர்ஷன் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு கிடைத்தால் விடாதீர்கள். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றிக்கொள்ளலாம்.

புதுவயல்: ஐ3-12100எஃப், எச்610 போர்டு. தாங்குமா?

தாராளமாக. ஐ5-12400எஃப் கூட ஓடும். ஐ7 மட்டும் வேண்டாம். மலிவான எச்610 போர்டுகளில் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் விஆர்எம் பகுதி மேல் சூடு தணிக்கும் ஹீட்சிங்க்கே இருக்காது, சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துவிடும். ரேம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டுதான், அதனால் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். டிடிஆர்4 போர்டா, 5 போர்டா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள், ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது. ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டில் செருகிவிட்டு, ‘போர்டு செத்துப்போச்சு’ என்று கேபினெட்டோடு தூக்கி வந்தவர் உண்டு. கேபிளைக் கழற்றிக் கார்டில் செருகிக் கொடுத்தேன்.

பள்ளத்தூர்: எந்தப் போர்டு நல்லது?

என்ன பிராசசர், என்ன கார்டு, கையில் எவ்வளவு?

கோட்டையூர்: ஏஎம்5 போகலாமா?

ஏஎம்5 என்பது ஏஎம்டியின் புது பிராசசர்கள் உட்காரும் சாக்கெட். பின்னால் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் போகலாம். 2027-க்குப் பிறகும் அந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 மட்டும்தான் ஏறும், செலவில் அதையும் சேருங்கள். ஏ620 போர்டே போதும். பயாஸ் வெர்ஷன் கேளுங்கள்.

கானாடுகாத்தான்: மகன் புதுசா கேமிங் கம்ப்யூட்டர் கட்டியிருக்கான். பொட்டியைத் தொட்டா சுருக்குங்குது. போர்டு ஷார்ட், மாத்தணும்னு சொல்றாக.

மாற்றாதீர்கள் ஆச்சி. பழைய வீடுதானே? பையன் வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்று தொடுகிறானா?

பவர் சப்ளைக்குள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகக் கேபினெட்டுக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். அதன் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்ட் எர்த் கம்பியில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அதற்குப் போக்கிடம் கிடையாது. கேபினெட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். ஆளை அடிக்கும் அளவு கரண்ட் இல்லை, சுருக்கென்று கடிக்கும். புது போர்டு போட்டாலும் அதேதான் கடிக்கும். இந்த நிலையில் டிவியின் எச்டிஎம்ஐயைச் செருகினால், கேபிள் டிவி ஒயர் வழியாக டிவிக்கு எர்த் கிடைத்திருந்தால், பொறி பறந்து எச்டிஎம்ஐ துளை போய்விடும். செருகும் முன் இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கச் சொல்லுங்கள்.

கோட்டையூர் மறுபடியும்: அண்ணே, நான் ஒயரிங் வேலை பாக்குறேன். பிளக் பாயிண்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேத்துட்டா வேலை முடிஞ்சுது.

ஒயரிங் வேலை பார்க்கிறவர் பேசுகிற பேச்சா இது? எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வரும். அப்போது சுருக் இல்லை, சங்கு.

கோட்டையூர்: இருபது வீட்டுல செஞ்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே.

அந்த இருபது வீட்டுக்கும் நாளைக்கே போய்க் கழற்றிவிட்டு வாருங்கள். கேலிக்குச் சொல்லவில்லை.

செட்டிநாடு: எங்க ஐயா காலத்திலிருந்து வீட்டுல எர்த்தே இல்லை, நல்லாத்தான் இருக்கோம்.

ஐயா காலத்தில் பட்டாசாலையில் ஒரு ஃபேன், முகப்பில் இரண்டு பல்பு. இரும்புப் பெட்டியைக் காலடியில் வைத்து விடிய விடிய யார் விளையாடினார்கள்?

அதே அண்ணன்: ஸ்டெபிலைசர் வாங்கி வச்சா?

அது வோல்டேஜைச் சரிசெய்யும், எர்த்தைக் கொண்டுவராது. மூணு பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டரும் வேண்டாம். விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்துத் தோட்டப் பக்கம் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து தனிக் கம்பி இழுங்கள். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து பாளமாகிவிடும், அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூடவே, கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று.

காரைக்குடி: வை-ஃபை உள்ள போர்டுக்குக் கூடுதலாக் காசு கொடுக்கலாமா?

உங்கள் வீட்டுச் சுவர் எத்தனை அடி கனம்? வை-ஃபை தாண்டாது, லான் கேபிள் இழுங்கள்.

கானாடுகாத்தான்: எலக்ட்ரீசியன் வந்து பாத்தாரு. பிளக் பாயிண்ட்டுல மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி கம்பியே இல்லையாம்.

அதேதான் ஆச்சி. எர்த் இழுக்கும் வரை பையன் விளையாட வேண்டாம். போர்டுக்கு வைத்த காசைக் குழிக்குக் கொடுங்கள்.

கொத்தமங்கலம்: 5600-க்கு எந்தப் போர்டு நல்லதுண்ணே?

தேவகோட்டைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். பயாஸ் வெர்ஷன் கேளுங்கள். நான் சாப்பிடப் போகிறேன்.