கேட்டவர்களுக்கு: புறா, சோப்பு, உப்பு

வாசகி, நாமக்கல்: மகளின் சமூக அறிவியல் பாடத்தில், புரட்சிக்கு முன் பிரான்சில் மூன்று ‘எஸ்டேட்’ என்று வருகிறது. மூன்றாவதில் இருந்தவர்கள் எல்லோருமே ஏழைகளா?

இல்லை. முதலில், இது தேயிலை எஸ்டேட் இல்லை, சமூகப் பிரிவு என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். பாதிரிமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மிச்சமிருந்த அத்தனை பேரும் மூன்றாவது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அந்த மூன்றாவதில்தான் அடைந்து கிடந்தார்கள், அதனால் செருப்புத் தைப்பவரும் கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பிய போர்தோ துறைமுக வியாபாரியும் ஒரே பெட்டிக்குள். அந்தப் பக்கம் பார்த்தால், ஓட்டை மாளிகையும் இடுப்பில் வாளுமாகக் கஞ்சிக்கு வழியில்லாத பிரபுக்களும் இருந்தார்கள். ஆனாலும் ‘தாய்’ என்ற நேரடி வரியிலிருந்து பிரபுவுக்குப் பெரும்பாலும் விலக்கு. (பிரெஞ்சு உச்சரிப்பு நம் தாய் மாதிரியேதான், பாசம்தான் கிடையாது.) யாரிடம் பணம் அதிகம் என்பதல்ல, யாருக்கு விலக்கு என்பதுதான் அங்கே கணக்கு.

வாசகர், காரைக்கால்: அப்படியானால் பணக்கார வியாபாரி சும்மாவா இருந்தார்?

விலக்கை விலைக்கு வாங்கினார்! அரசனின் செயலாளர் என்று ஒரு பதவி, வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் 20 வருடம் வைத்திருந்தாலோ, பதவியில் இருக்கும்போதே செத்தாலோ குடும்பமே பிரபு குடும்பம். ஊர் இதற்கு வைத்த பெயர் ‘பாமரனைக் கழுவும் சோப்பு’. கஜானா காலியாகும்போதெல்லாம் அரசர்கள் பதவிகளைக் கூவிக் கூவி விற்றார்கள். பதவியை வாங்கியவர் அப்புறம் வரி கட்ட மாட்டார் என்பதால் கஜானா மறுபடி காலி. சோப்புப் போட்டுக் குளித்தாலும் பழைய பிரபுக்கள் பக்கத்தில் சேர்க்கவில்லை, 1781-இல் நான்கு தலைமுறை பிரபுத்துவத்துக்குச் சான்று காட்டினால்தான் நேரடியாக ராணுவ அதிகாரி ஆகலாம் என்று உத்தரவே போட்டார்கள்.

வாசகர், திண்டுக்கல்: பாதிரிமார் வரியே கட்டவில்லையாமே?

‘இலவச அன்பளிப்பு’ என்ற பெயரில் ஒரு தொகை கொடுத்தார்கள். எவ்வளவு என்பதை அவர்களே கூடி முடிவு செய்வார்கள். நமக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் எப்படி இருக்கும்!

வாசகி, மன்னார்குடி: விவசாயிகளுக்கு எது ரொம்ப எரிச்சலாக இருந்திருக்கும்?

புறா. சிரிக்காதீர்கள். பல பகுதிகளில் புறாக்கூண்டு வைக்கும் உரிமை ஜமீன் பிரபுவுக்கு மட்டும்தான். விதைத்த அன்றே அவர் புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கிப் பொறுக்கும், நிலத்துக்காரர் கல்லெடுத்து அடித்துவிட்டால் வழக்கு. முயலும் மானும் அப்படித்தான், வேட்டை பிரபுவுக்கு, சேதம் உழுதவனுக்கு. 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி சலுகைகளை ஒழிக்கிறோம் என்று சபையில் முடிவெடுத்து எழுதிய ஆணையில் இரண்டாவது பிரிவே புறாவைப் பற்றியது: ஊர் குறிப்பிடும் காலத்தில் அடைத்து வைக்க வேண்டும், வெளியே வந்தால் அவரவர் நிலத்தில் யாரும் கொல்லலாம்.

வாசகர், திருநெல்வேலி: “ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்” என்று ராணி சொன்னது நிஜமா?

ஆதாரம் இல்லை. தத்துவவாதி ரூசோ தன் சுயசரிதையில் யாரோ ஒரு இளவரசி சொன்னதாக எழுதினார், அப்போது நீங்கள் கேட்கும் ராணி மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் சின்னப் பெண்.

வாசகர், விருத்தாசலம்: உப்பு வரி என்று ஒன்று இருந்ததாமே, விவரம்?

பெயர் கபேல். வரி என்றுகூடச் சொல்ல முடியாது, வலுக்கட்டாய வியாபாரம். பாரிஸைச் சுற்றிய வட பகுதிகளில் எட்டு வயது தாண்டிய ஒவ்வொரு தலைக்கும் வருடத்துக்கு இவ்வளவு உப்பு அரசுக் கிடங்கில் வாங்கியே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கிய உப்பைக் குழம்பிலும் மேசையிலும்தான் போடலாம். பன்றி அடித்து உப்புக்கண்டம் போட வேண்டுமா, அதற்குத் தனியாக இன்னொரு தடவை வாங்க வேண்டும்! பிரபுக்களிலும் மடங்களிலும் அதிகாரிகளிலும் பலருக்கு வரியில்லாமல் உப்புக் கிடைத்தது.

பிரித்தானி மாகாணத்துக்குப் பழைய ஒப்பந்தப்படி விலக்கு. எல்லை தாண்டினால் அதே உப்பு இருபது மடங்குக்கு மேல் விலை. விடுவார்களா? பெண்கள் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு நடந்தார்கள், லவால் பக்கம் நாய்களைப் பழக்கி முதுகில் உப்பைக் கட்டி ராத்திரியில் விரட்டிவிட்டார்கள், நாய்க்கு வழி தெரியும். காவலர்களுக்குக் ‘கபலூ’ என்று பட்டப்பெயர், இன்றைக்கும் பிரான்சில் சுங்க அதிகாரியைக் கேலியாக அப்படிச் சொல்வார்கள். பதினான்காம் லூயி காலத்தில் ஆயுதத்தோடு மாட்டினால் அரசக் கப்பலில் துடுப்பு வலிக்க வேண்டியதுதான்.

1790-இல் கபேலை ஒழித்தார்கள். 1806-இல் நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார், இந்தத் தடவை பிரித்தானிக்கும் சேர்த்து.