தக்காளி பிறகு வரட்டும்: குளிர் மாலைக்கு ஒரே பாத்திர சூப்

கேள்வி: வேலை முடிந்து வீடு வரும்போது இருட்டிவிடுகிறது, குளிர் வேறு. சூடாக ஒரு சூப் இருந்தால் போதும் என்று வெங்காயம், தக்காளி, கேரட், உருளைக்கிழங்கு, மைசூர் பருப்பு எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுகிறேன். அரை மணி நேரம் ஆனாலும் பருப்பு நறுக்கென்றே நிற்கிறது. சூப்பும் சப்பென்று, தண்ணியாக இருக்கிறது. ஸ்டாக் கட்டி போட்டால் உப்புக் கரிக்கிறது. ஒரே பாத்திரத்தில், அரை மணி நேரத்தில் சூப் நன்றாக வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் போடும் பொருட்களில் ஒரு குறையும் இல்லை. போடும் வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஒரே பாத்திரம் என்றால் எல்லாமே ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் குறைவாக இருக்கும்போதுதான் வரிசை மிக முக்கியம். மூன்று மணி நேரம் கொதிக்கும் சூப்பில் வரிசை கொஞ்சம் பிசகினாலும் கடைசியில் சரியாகிவிடும். அரை மணி நேர சூப்புக்கு அந்த அவகாசம் கிடையாது.

முதலில் பருப்பைப் பார்ப்போம். தோல் நீக்கிய மைசூர் பருப்பு, ஊறவைக்காமலே 15 முதல் 20 நிமிடத்தில் குழைந்துவிடக்கூடியது. உங்கள் பாத்திரத்தில் அது வேகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் தக்காளிதான் காரணம். பருப்பிலும் காய்களிலும் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். கொதிநீரில் அது கரையக் கரையத்தான் காய் மெத்தென்று ஆகிறது. நீரில் புளிப்பு ஏறினால் பெக்டின் எளிதில் கரையாது. அதனால்தான் தக்காளியோடு சேர்த்துப் போட்டால் பருப்பு மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் கேரட்டும்கூட வேக நேரம் எடுக்கும். எலுமிச்சை, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புளிப்பு எதுவாக இருந்தாலும் பருப்பு மசிந்த பிறகே பாத்திரத்துக்குள் போக வேண்டும்.

தக்காளியைத் தள்ளிப்போட்டும் பருப்பு வேகவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பருப்பு பழசாக இருக்கும். மற்றொன்று, உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினநீராக இருக்கும். அதிலுள்ள கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும், சோப்பு போன்ற ஒரு ருசியையும் விட்டுச் செல்லும். 20 நிமிடத்தில் வேகும் பருப்புக்கு அது தேவையே இல்லை.

இனி, சப்பென்று இருப்பதற்கு வருவோம். ஸ்டாக் இல்லாத சூப்புக்கு ருசி பிறக்கும் இடம் முதல் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் பிறகு எதைப் போட்டாலும் ஈடாகாது. நான்கு பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, பெரிய வெங்காயம் ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். உப்பு வெங்காயத்திலிருந்து நீரை இழுத்து வெளியே விடும். அந்த ஈரம் இருக்கும்வரை வெங்காயம் கருகாது. மிதமான தீயில் மூடி வைத்து, அவ்வப்போது கிளறி, கண்ணாடி போல ஆகி இனிப்பு வாசனை வரும்வரை விடுங்கள். பிறகு நசுக்கிய பூண்டு நான்கு பல், இஞ்சி கொஞ்சம், பிரிஞ்சி இலை ஒன்று. இவற்றின் மணப்பொருட்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். நேராகக் கொதிநீரில் போட்டால் மணத்தில் பாதி ஆவியோடு போய்விடும். பூண்டுக்கு ஒரு நிமிடம் போதும். அது கருகினால் வரும் கசப்பு பாத்திரம் முழுக்கப் பரவும், எதைச் சேர்த்தாலும் போகாது. அப்படி ஆகிவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கையில் தக்காளி பேஸ்ட் இருந்தால் ஒரு மேசைக்கரண்டியை இந்தக் கட்டத்தில் சேர்த்து, நிறம் அடர்சிவப்பாக மாறும்வரை வதக்கலாம். ஒரு லிட்டருக்கும் மேலான தண்ணீரில் இந்த அளவு புளிப்பு பருப்பைப் பெரிதாகத் தடுக்காது. தக்காளியில் குளுட்டமேட் உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, உமாமி என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமான பொருள் அதுதான். உலர்ந்த காளான் இரண்டை நுணுக்கிப் போட்டால் இன்னும் நல்லது. காளானில் இருக்கும் குவனிலேட், குளுட்டமேட்டோடு சேரும்போது அந்தச் சுவையைப் பல மடங்கு தூக்கிக் காட்டும். ஸ்டாக் கட்டிக்கு உண்மையான மாற்று இதுதான் என்பது என் கருத்து. அந்தக் கட்டியில் பெரும்பகுதி உப்புதான். அதையே போடுவதானால், கடைசியில் ருசி பார்க்கும்வரை வேறு உப்பே சேர்க்காதீர்கள்.

வெங்காயம் வதங்கும் நேரத்திலேயே ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பாத்திரம் மறுபடி கொதி வரவே ஏழெட்டு நிமிடம் போய்விடும். காய்களை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் பருப்பும் அவையும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். கழுவிய மைசூர் பருப்பு 150 கிராம், கேரட் இரண்டு, உருளைக்கிழங்கு ஒன்று, முக்கால் தேக்கரண்டி உப்பு; இவற்றைப் போட்டுக் கொதிநீரை ஊற்றுங்கள். ஊற்றியதும் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிக் கலக்குங்கள். வதக்கியதன் ருசி அதில்தான் இருக்கிறது. உப்பு போட்டால் பருப்பு வேகாது என்ற பயம் வேண்டாம். பாதி உப்பை இப்போதே போட்டால்தான் காய்க்குள்ளும் உப்புச் சாரம் இறங்கும்.

பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரங்களில் மட்டும் குமிழி வரும்படி விடுங்கள். தளதளவென்று கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. காய் உடைவதும் அடி பிடிப்பதும்தான் மிச்சம். மலைமேல் வசிப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஒரு டிகிரி குறையும், வேகும் நேரமும் அதற்கேற்ப நீளும். அங்கே குக்கரையே ஒரே பாத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

15 நிமிடம் கழித்து ஒரு பருப்பை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். மாவாக மசிந்தால் தக்காளி உள்ளே போகலாம். நறுக்கிய தக்காளி இரண்டைப் போட்டு ஆறேழு நிமிடம் விடுங்கள், பச்சை வாசனை போய்விடும்.

சூப் தண்ணியாக இருக்கிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் குழைந்த பருப்பே விடை சொல்லிவிடும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் உருளைக்கிழங்குத் துண்டுகள் சிலவற்றைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்துக் கரண்டியால் மசியுங்கள். சோளமாவு போடுவதானால் குளிர்ந்த நீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த மாவைச் சூட்டில் போட்டால் வெளிப்பக்கம் உடனே பசையாகி, உள்ளே மாவு மாவாகவே கட்டிதட்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் கவனமாக இருங்கள். சூடான சூப்பின் ஆவி மூடியைத் தூக்கி அடித்துக் கையிலும் முகத்திலும் கொட்டிவிடும். கொஞ்சம் ஆறவிட்டு, பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல், மூடியின் நடுத்துளையைத் திறந்து, அதன்மேல் மடித்த துணியை வைத்து அரையுங்கள். பாலோ கிரீமோ சேர்க்க ஆசை இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு. தக்காளிப் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும்.

அடுப்பை அணைத்ததும் புதிதாகப் பொடித்த மிளகு, நறுக்கிய கொத்தமல்லி, ஒரு துண்டு வெண்ணெய். மிளகின் மணம் கொதியில் நிற்காது, காரம் மட்டும்தான் நிற்கும், அதனால்தான் கடைசியில். இப்போது நாக்கு பொறுக்கும் சூட்டுக்கு ஒரு கரண்டியை ஆறவைத்து ருசி பாருங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றினால் உடனே உப்பை எடுக்காதீர்கள். அந்தக் கரண்டியில் மட்டும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைவது புளிப்பாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அரை மூடி எலுமிச்சையைப் பாத்திரத்தில் பிழிந்துவிட்டு, பிறகு உப்பைச் சரிபாருங்கள். மொத்தம் ஒன்றரைத் தேக்கரண்டிக்குள், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிராமுக்குள், முடிந்துவிடும். ஆளுக்கு இரண்டேகால் கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நினைத்தால் இதற்கு மேல் போக வேண்டாம். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு உறிஞ்சவைக்கலாம் என்பது வெறும் நம்பிக்கை. வெந்நீர் ஊற்றி நீர்க்க வைப்பது ஒன்றுதான் வழி.

குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் வைத்துவிட்டுக் குடிப்பதில் இதம் ஒன்றும் குறைந்துவிடாது.

மைசூர் பருப்புக்குப் பதிலாக ராஜ்மா போட நினைத்தால் ஓர் எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். மெதுவாகச் சூடாகும் மின்பானையில் நேராகப் போடவே கூடாது. டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, அதில் பயமில்லை.

மிச்சமான சூப்பை அடுப்பின் மேலேயே இரவெல்லாம் வைத்துவிடாதீர்கள். குளிர்காலம் என்பதற்காகச் சமையலறையே ஃப்ரிட்ஜ் ஆகிவிடாது. அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும், உறைய வைத்தால் இரண்டு மூன்று மாதம். பாஸ்தாவோ நூடுல்ஸோ சேர்ப்பதாக இருந்தால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தனியாக வேகவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளுக்குள் இருக்கிற நீரையெல்லாம் அது குடித்துவிடும். பருப்பு ஆறும்போது இறுகும் என்பதால் சூடாக்கும்போது அரை தம்ளர் தண்ணீர் சேர்த்து, நன்றாகக் கொதி வரவிடுங்கள். முந்தைய நாள் பிழிந்த எலுமிச்சையின் மணம் அதற்குள் மங்கியிருக்கும். இறக்கியதும் புதிதாக இன்னும் கொஞ்சம் பிழிந்துகொள்ளுங்கள்.