ஷாலியாபின் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலை இசை பற்றிய உங்கள் கட்டுரையில் ரஷ்ய ஆபேரா (இசைநாடகம்) பாடகர் ஃபியோதர் ஷாலியாபினை மிக உயர்வாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருடைய ஒலிப்பதிவுகள் சிலவற்றைத் தேடிக் கேட்டேன். எனக்குக் கர்நாடக இசையில் ஓரளவு பழக்கம் உண்டு, ஆபேரா புதிது. இரைச்சலுக்கு நடுவே கனத்த ஆண்குரல் ஒன்று கேட்கிறது. நல்ல குரல்தான், ஆனால் இதைவிட ஆழமான, கணீரென்ற குரல்களை வேறு பதிவுகளில் கேட்டிருக்கிறேன். போதாக்குறைக்கு இவர் சில இடங்களில் பாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறார், சிரிக்கிறார், விசும்புகிறார். இதைப் பாட்டு என்பதா, நடிப்பு என்பதா? இன்னொரு கேள்வி. ஜார் முன்னால் மண்டியிட்டவர், பிறகு சோவியத் அரசின் பட்டத்தைப் பெற்றவர், கடைசியில் நாட்டை விட்டே போனவர் என்று படித்தேன். இப்படிப்பட்ட ஒருவரை எப்படி மதிப்பது?

ரா., மதுரை

அன்புள்ள ரா.,

உங்கள் காதுகள் சரியாகத்தான் கேட்டிருக்கின்றன. ஷாலியாபினுக்கு வாய்த்தது ரஷ்யாவின் மிக ஆழமான குரல் அல்ல. அந்த நாட்டின் தேவாலயப் பாடகர் குழுக்களில் அவரைவிடப் பல சுரங்கள் கீழே இறங்கிப் பாடியவர்கள் உண்டு. இவருடையது பேஸ் என்னும் தாழ்ந்த ஆண்குரல் வகையிலேயே சற்று மேலே நிற்கும் குரல். அதற்கு மேற்படியான பாரிடோன் குரலுக்காக எழுதப்பட்ட பாத்திரங்களைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நீங்கள் கேட்டவற்றில் 1925க்கு முந்தைய பதிவுகளும் இருக்கக்கூடும். அவை மைக் இல்லாத காலத்தில், ஒரு பெரிய குழலின் வாய்க்குள் பாடிப் பதிந்தவை. கீழ்ச்சுரங்களின் அதிர்வு அவற்றில் பாதிகூட ஏறவில்லை. ஆனால் தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போட்டு உங்கள் கேள்வியைக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. பேசுகிறார், சிரிக்கிறார், விசும்புகிறார் என்று நீங்கள் குறையாகச் சொன்ன இடத்தில்தான் அவருடைய சாதனையே இருக்கிறது.

1873இல் கஸான் நகரில் பிறந்தவர். அப்பா விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எழுத்தர். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவர். மகனைச் செருப்புத் தைக்க அனுப்பினார்கள், கடைசல் பட்டறையில் சேர்த்தார்கள், அலுவலகத்தில் நகலெழுத உட்கார வைத்தார்கள். தேவாலயத்தில் பாடியதுதான் அவருக்குக் கிடைத்த முதல் இசைக்கல்வி. 1890இல் ஊஃபாவில் ஒரு நாடகக் குழுவின் கோரஸில் சேர்ந்தார். யாரோ பாடகர் வராமல்போக, அவருடைய வேடம் இந்தப் பதினேழு வயதுப் பையனுக்கு வந்தது. மேடையில் உட்காரப் போனவர் நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் விழுந்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மேடையில் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறார். திஃப்லிஸ் நகரில் உசாத்தவ் என்ற, மாஸ்கோ பல்ஷோய் அரங்கின் முன்னாள் பாடகர் காசு வாங்காமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். உடுக்கத் துணியும் கொடுத்தார், மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் முறையும் கற்பித்தார். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசையை முதலில் காட்டியவரும் அவரே. அந்த ஓர் ஆசிரியர் இல்லையென்றால் நாம் ஷாலியாபினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன்.

1895இல் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கில் இடம் கிடைத்தது. குரல் இருந்தது, பயிற்சியும் இருந்தது. ஆனால் எடுபடவில்லை. 'ருசால்கா' ஆபேராவில் வரும் மாவரைக்கும் கிழவனின் பாட்டைப் பாடினார், கைதட்டல் இல்லை. மனம் நொந்து தால்ஸ்கி என்ற நாடக நடிகரிடம் போய்ப் புலம்பினார். தால்ஸ்கி, "பாட வேண்டாம், அந்த வரிகளைப் படித்துக் காட்டு" என்றார். இவர் ஒரு நிறுத்தற்குறி விடாமல் படித்தார். தால்ஸ்கி சொன்னதன் சாரம் இதுதான்: நீ படிப்பது சில்லறைக் கடைக்காரன் பேசுவதுபோல் இருக்கிறது. இவனோ சொந்தமாக ஆலையும் நிலமும் வைத்திருக்கும் கனமான குடியானவன். சுரம் பிழையில்லை, தாளம் பிழையில்லை, பேசுகிற ஆள்தான் வேறு யாரோ.

அடுத்த ஆண்டு மாஸ்கோவில், மாமந்தோவ் என்ற ரயில்பாதை முதலாளி நடத்திய தனியார் ஆபேராவுக்கு வந்துவிட்டார். அங்கே கொடுங்கோலன் இவான் வேடம். நோவ்கரத் நகரை அழித்துவிட்டு வந்த ஜார், பிஸ்கோவ் நகரில் ஒரு பிரபுவின் வீட்டு வாசலில் நின்று, "வரவா, வேண்டாமா?" என்று கேட்கிறான். ஊர் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வரியில் ஷாலியாபின் நாள் கணக்கில் சிக்கிக்கொண்டார். இவான் கபடக்காரன், பக்தி வேடம் போடுபவன் என்று படித்திருந்ததால் குரலைத் தாழ்த்தி, குழைவும் நஞ்சும் கலந்து கேட்டுப் பார்த்தார். காட்சி செத்துக் கிடந்தது. ஒத்திகையில் பொறுமையிழந்து இசைத்தாள்களைக் கிழித்துப்போட்டுவிட்டு, ஒப்பனை அறையில் போய் அழுதார். மாமந்தோவ் வந்து, உங்கள் இவானிடம் கபடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பயங்கரம் இல்லையே என்றார். அடுத்த முறை அதே வரியை இரும்புத் தடியால் அடிப்பதுபோல், குரூரமான ஏளனத்தோடு அறைக்குள் எறிந்தார் ஷாலியாபின். உடனிருந்தவர்கள் அத்தனை பேரின் நடிப்பும் அந்தக் கணமே உயிர்பெற்றது என்று எழுதுகிறார்.

ஒரு வரி, ரா. அந்த ஒரே வரியைச் சரியாகச் சொல்லிவிட்டால் முழுப் பாத்திரமும் அதற்குப் பின்னால் தானாக வந்து நிற்கும் என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். அதுவரை ஆபேரா மேடையில் பெரும்பாலும் குரல்தான் ராஜா. பாடகர் முன்னால் வந்து நின்று அழகாகப் பாடிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பார். எழுதப்பட்ட சுரத்தை விட்டு விலகாமலே அதைச் சொல்லுகிற மனிதனின் மூச்சையும் வயதையும் பயத்தையும் அதற்குள் ஏற்ற முடியும் என்று இவர் செய்து காட்டினார். அவருக்குப் பின்னால் வந்த பேஸ் பாடகர்களில் அவருடைய நிழல் விழாதவர் அநேகமாக இல்லை.

1898 கோடையில் முசோர்க்ஸ்கியின் 'பரீஸ் கதுனோவ்' ஆபேராவில் ஜார் பரீஸ் பாத்திரத்துக்கு அவர் தயாரான விதத்தைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். இசையை அவரோடு உட்கார்ந்து அலசியவர் அவர் வயதை ஒத்த இசையமைப்பாளர் ரக்மானினோவ். வரலாற்றைச் சொன்னவர் கிளியுச்சேவ்ஸ்கி, ரஷ்யாவின் மிகப் பெரிய வரலாற்றாசிரியர்களில் ஒருவர். காட்டுப் பாதையில் நடந்தபடியே அவர் ஷூய்ஸ்கி என்ற சூழ்ச்சிக்காரப் பிரபுவாகத் தானே பேசிக் காட்டினாராம், ஷாலியாபின் பரீஸாகப் பதில் சொன்னாராம். செருப்புத் தைக்கப் போன பையனுக்கு இப்படி ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 1908இல் தியாகிலெவ் என்ற கலைநிகழ்ச்சி அமைப்பாளர் அந்த ஆபேராவைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். ஒத்திகையில் ஷாலியாபின் வேடமும் ஒப்பனையும் இல்லாமலே பாடினார். கொலையுண்ட குழந்தையின் உருவம் மூலையில் அசைவதாக பரீஸ் மிரளும் கட்டத்தில், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலர் எழுந்து அந்த மூலையைப் பார்த்தார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்.

இனி இரண்டாவது கேள்வி. 1911 ஜனவரியில் மாரின்ஸ்கியில் அதே பரீஸ். ஜார் இரண்டாம் நிகலாய் அரங்கில் இருந்தார். கோரஸ்காரர்கள் தங்கள் ஓய்வூதியக் குறையை மன்னரிடம் முறையிட, திடீரென்று மண்டியிட்டுத் தேசியகீதத்தைப் பாடினார்கள். ஷாலியாபின் மேடையில் இருந்தார். வெளியேற வழியில்லாமல் தானும் ஒரு காலை மடித்தார். 1905 புரட்சி நாட்களில் பல்ஷோய் மேடையிலேயே தொழிலாளர் பாட்டைப் பாடியவர் என்பதால் இடதுசாரிகளின் கோபம் இரண்டு மடங்காக விழுந்தது. கார்க்கி மனம் வருந்தினார், பின்பு சமாதானமானார். ஓவியர் செரோவ் பத்திரிகை நறுக்குகளை அனுப்பி, வெட்கமாக இல்லையா என்று எழுதி உறவை முறித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் செரோவ் இறந்துபோனார், சமாதானம் ஆகவே இல்லை. செரோவின் நேர்மை மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நண்பனுக்கு அநீதி செய்துவிட்டார் என்பது என் எண்ணம். அந்தச் சில நொடிகளை வைத்து ஒரு மனிதனை எடைபோட முடியாது.

புரட்சிக்குப் பிறகு 1918இல் 'குடியரசின் மக்கள் கலைஞர்' பட்டம் வந்தது. கூடவே பசியும் வீட்டுச் சோதனைகளும் வந்தன. அப்போது பாட்டுக்குக் கூலியாக மாவும் முட்டையும் கொடுப்பார்கள். ஒரு கச்சேரிக்கு, பறிமுதல் செய்த பொருட்கள் குவிந்திருந்த கிடங்கிலிருந்து விலையுயர்ந்த மென்மயிர் மேலங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் அவரைத்தான் குஸ்தோதியெவ் வரைந்தார். கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த ஓவியர், அந்தப் பெரிய திரையை உத்தரத்திலிருந்து சாய்வாகத் தொங்கவிட்டு, கீழிருந்து அண்ணாந்து பகுதி பகுதியாக வரைந்தார். அந்தப் படத்தைப் பாருங்கள். மேலங்கியின் பகட்டும் பின்னால் பனியில் நடக்கும் திருவிழாவும் சேர்ந்து, அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்று சொல்கின்றன.

1922இல் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குப் போனவர் திரும்பவில்லை. 1927இல் பாரிஸில் பட்டினி கிடந்த ரஷ்ய அகதிக் குழந்தைகளுக்குப் பணம் கொடுத்தார். எதிர்ப்புரட்சிக்காரர்களுக்கு உதவினார் என்று சொல்லி மாஸ்கோ அந்தப் பட்டத்தைப் பறித்தது. குழந்தைகளின் பசிக்குக் கொடுத்த காசைக் குற்றம் என்று எழுதிய அரசை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1938இல் பாரிஸில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். 1984இல் அவருடைய எச்சங்களை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் நவதேவிச்சி கல்லறையில் வைத்தார்கள். பட்டத்தை 1991இல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அரசியலில் தெளிவானவர் அல்லர், அப்படி இருப்பதாகச் சொல்லிக்கொண்டவரும் அல்லர்.

மறுபடியும் கேட்க விரும்பினால், 1928இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் நேரடியாகப் பதிவான பரீஸிலிருந்து தொடங்குங்கள். ஒலி தெளிவாக இருக்கும். பிறகு தர்கமீஷ்ஸ்கியின் 'பழைய கார்ப்பரல்' பாடலுக்கு வாருங்கள். மரண தண்டனைக்கு நடத்திச் செல்லப்படும் கிழச் சிப்பாய், தன்னைச் சுடப்போகும் இளைஞர்களுக்கு, காலை ஒன்றாக எடுத்து வையுங்கள், ஒன்று, இரண்டு என்று நடை சொல்லிக்கொடுத்துக்கொண்டே போகிறான். அந்தப் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. சொல் அதேதான், மெட்டும் அதேதான். முதல் தடவை கட்டளை, பின்னால் கோபம், ஊரில் இருக்கும் கிழவி நினைவுக்கு வந்த பிறகு வேறொன்று. வரிகளின் பொருளை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு, பல்லவி வரும் இடங்களில் மட்டும் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். கேட்டபின் பாட்டா, நடிப்பா என்ற அந்தக் கேள்வியை இன்னொரு முறை எனக்கு எழுதுங்கள்.