நோய் இரண்டு, மரபணு ஒன்றா? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

ஒட்டுசுட்டான்: அப்பாவுக்குக் கை கால் மெலிகிறது, ஏ.எல்.எஸ் என்கிறார்கள். பெரியப்பா 58 வயதில் குணமே மாறிப்போனார், அது மூளைத் தேய்வாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா டொக்டர்?

இருக்கலாம். சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானோருக்கு 30 தடவைக்குள் நிற்கும். அது நூற்றுக்கணக்கில் நீண்டால் ஒருவருக்குத் தசையை இயக்கும் நரம்பு பழுதாகும் (அதுதான் ஏ.எல்.எஸ்), அவரின் சகோதரருக்கு மூளையின் முன்பகுதி பழுதாகிக் குணம் மாறும், சிலருக்கு இரண்டுமே. 2011 இல்தான் இது தெரியவந்தது. ஆகவே கிளினிக்கில் "வேறு யாருக்கும் ஏ.எல்.எஸ் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று நிறுத்தாதீர்கள், பெரியப்பாவின் கதையையும் சொல்லுங்கள். பரிசோதனை முதலில் அப்பாவுக்கு. பழுது இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது கடந்திருக்க 50% வாய்ப்பு. ஏ.எல்.எஸ் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மல்லாவி: எனக்கு ஒற்றைத் தலையிடி. மகனுக்கும் வருமா?

வரலாம், ஆனால் சாதாரணத் தலையிடிக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. தலையிடியோடு ஒரு பக்கம் விறைத்துச் செயலிழந்தாலோ, குடும்பத்தில் யாருக்கும் நடை தள்ளாடினாலோ நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். சிஏசிஎன்ஏ1ஏ என்ற ஒரே மரபணு இரண்டையும் தரக்கூடியது.

மாங்குளம்: நாங்கள் சொந்த மச்சான் மச்சாள். 13 வயது மகனுக்கு வில்சன் நோய், உடம்பில் செப்புத் தேங்குகிற நோயாம். நாங்கள் முடித்ததாலா? தங்கச்சிக்கும் வருமா?

அம்மா, கலியாணம் பழுதை உண்டாக்கவில்லை. ஏடிபி7பி மரபணுவின் பழுதான பிரதி ஒன்று உங்கள் இருவரிடமும் இருந்திருக்கிறது. பாட்டன் பாட்டி ஒருவரே என்றால் அதே பழுது இரு பக்கமும் வரும் வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான். தங்கச்சிக்கு நோய் இருக்க 25% வாய்ப்பு. ஓடி விளையாடுகிறாள் என்று விடாதீர்கள். செப்பு முதலில் ஈரலில் தேங்கி, பிறகுதான் மூளைக்குப் போகும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செப்பைச் சுமக்கும் புரதம்), 24 மணித்தியாலச் சிறுநீரில் செப்பு, கண் பரிசோதனை மூன்றும் செய்வியுங்கள். காலையில் முதற்சிறுநீரை வெளியே விட்டு, மறுநாள் அதே நேரம்வரை ஒரு தடவையும் தவறாமல் சேருங்கள். ஒன்று தவறினாலும் அளவு குறைத்துக் காட்டும். மகனின் பழைய கொப்பியையும் இப்போதைய கொப்பியையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் போகத் தொடங்கிய மாதம் அதில் தெரியும். செப்பை வெளியேற்றும் பெனிசிலமின் மருந்து வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன். நடுக்கம் நின்றாலும் மருந்தை நிறுத்தவே கூடாது.

முழங்காவில்: காய்ச்சலோடு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் வலிப்பு. மாமிக்கும் சின்னதில் வந்ததாம்.

மாமியின் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். எஸ்சிஎன்1ஏ பழுது ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்போடு நின்றுவிடும், இன்னொருவருக்கு டிரவே என்ற கடும் வலிப்பாகும். அதற்குக் கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் வலிப்புக் கூடும். அதற்காக, கொடுக்கிற குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். அடுத்த முறை பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், இரும்பைக் கையில் திணிக்காதீர்கள். மணிக்கூட்டைப் பார்த்து, ஃபோனில் வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.