கவாத்துக்குக் காசு கொடுக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்கும் தோட்டச் செடிகளின் கவாத்து (கிளைகளை அளவாக வெட்டிவிடுவது), அதற்கான கருவி, ஆள் கூலி, ஒப்பந்தம் ஆகியவை பற்றி வந்த கடிதங்களில் சில. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இட்லிப்பூ, செம்பருத்தி, துரந்தா எல்லாவற்றையும் மாதம் இருமுறை இயந்திரத்தால் உருண்டையாக வெட்டுகிறார்கள். இட்லிப்பூ பூப்பதே இல்லை. உரம் போதவில்லை, அதற்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்கிறார் பராமரிப்பு ஒப்பந்தக்காரர். கொடுக்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். இட்லிப்பூவுக்குப் பூங்கொத்து வருவது கிளையின் நுனியில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நுனியை அரிந்துவிட்டு, பூக்கவில்லை என்று சொல்லி உரம் விற்பது அநியாயம்.

இந்த உருண்டை வெட்டின் மீது எனக்குப் பல ஆண்டுக் கோபம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக் காலை அந்த உருண்டைகளில் ஒன்றை இரண்டு கைகளாலும் விலக்கி உள்ளே பாருங்கள். வெளியே நாலு விரல் கனத்துக்குத்தான் இலை இருக்கும். உள்ளே வெறும் குச்சி. கிளை நுனியில் உள்ள குருத்து, தனக்குக் கீழே இருக்கும் கணுக்களைத் தளிர்க்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அந்தக் கட்டு அவிழ்ந்து, வெட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். அவற்றையும் அதே உயரத்தில் வெட்டினால் ஆறு, ஏழு. மேற்பரப்பு முழுவதும் இலை பின்னிக் கூரை போட்டுவிடும். வெயில் உள்ளே இறங்காது, உள் இலைகள் உதிர்ந்துவிடும், காற்று நுழையாத அந்த இருட்டில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் குடியேறும். பிறகு பூச்சிமருந்துக்கு ஒரு கட்டணம். அடுத்த வெட்டுக்கான வேலையை இந்த வெட்டே உண்டாக்கிவிடுவதால் ஒப்பந்தக்காரருக்கு வருமானம் நிற்பதே இல்லை. அந்தப் பணம் உங்கள் குடியிருப்போர் செலுத்தும் மாதச் சந்தா.

கவாத்து தெரிந்தவர் வேலை செய்யும் விதத்தை ஒருமுறை பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். முதலில் செடியைச் சுற்றி நடப்பார். காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கித் திரும்பிய கிளை, அடியிலிருந்து நேராக மேலெழும் போத்து ஆகியவற்றை முதலில் எடுப்பார். மீதமுள்ளவற்றில் மிக நீண்டதைப் பிடித்து, பக்கக் கிளை பிரியும் இடம் வரை உள்ளே கையை விட்டு, அங்கே வெட்டுவார். வெட்டிய இடம் வெளியில் தெரியாது. செடி தன் இயல்பான உருவத்தோடு சற்றுச் சிறியதாக நிற்கும், வெயில் நடுவரை விழும். கிளையின் அடியில் லேசாகப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். காயம் ஆறுவது அங்கிருந்துதான். அதைச் சீவிவிடவும் கூடாது, அதற்கு மேல் நீளமாகக் குச்சியை விட்டுவைக்கவும் கூடாது. கணுவுக்கு மேலே வெட்டுவதானால் அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும்.

உங்கள் உருண்டைகளை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒவ்வொரு செடியின் இலைக்கூரையிலும் கையளவு அகலத்தில் ஐந்தாறு இடங்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வெளிச்சம் பட்டதும் உள் குச்சிகள் தளிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் செடி பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: இயந்திர வெட்டு, வேலியாக நட்ட துரந்தாவுக்கு மட்டும். அதிலும் அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இலை நிற்காது. மற்றவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கைக்கத்தரியால் கவாத்து. ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பெருமழையிலும் கத்திரி வெயிலிலும் கை வைக்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் வேலி வெட்டும் இயந்திரம் தள்ளுபடியில் கிடைக்கிறது. வீட்டில் ஐந்து செம்பருத்தி, இரண்டு அரளி. வாங்கலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம்.

கேள்வி: கவாத்துக் கத்தரி நூற்றைம்பது ரூபாய்க்கும் இருக்கிறது, சில ஆயிரங்களுக்கும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (கோவை வாசகி)

பதில்: முதலில் வாயைப் பாருங்கள். இரண்டு அலகுகளும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டிச் செல்லும் வகை பச்சைக் கிளைக்கு ஏற்றது. ஒரு அலகு தட்டையான பட்டையில் வந்து மோதும் வகை பச்சைக் கிளையை நசுக்கும். காய்ந்த குச்சிக்கு மட்டும் உதவும். அடுத்து, திருகைக் கழற்றி அலகைத் தீட்ட முடிகிறதா, ஸ்பிரிங்கும் அலகும் தனியாக விலைக்குக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் பெல்கோ போன்ற கத்தரிகள் பல ஆண்டுகள் உழைப்பதற்குக் காரணம் எஃகின் தரம் மட்டும் அல்ல. ஒவ்வொரு பாகத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும்தான். அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. லூதியானாவில் செய்யும் நடுத்தர விலைக் கத்தரிகளிலும் வீட்டுக்குப் போதுமானவை உண்டு.

பெட்டியின் மேல் ‘ஜப்பானிய எஃகு’ என்று எழுதியிருந்ததை நம்பி இணையத்தில் ஒன்று வாங்கினேன். செய்தவர் பெயரோ, இறக்குமதி செய்தவர் முகவரியோ, எந்த நாட்டில் செய்தது என்பதோ அதில் எங்கும் இல்லை. இரண்டாவது வாரம் ஸ்பிரிங் தெறித்தது. அதற்குள் அலகும் ஆடி, என் மருதாணியில் ஒரு நல்ல கிளையை வெட்டாமல் நார்நாராகக் கிழித்துவிட்டது. அந்தக் கிளை முழுவதும் பட்டுப்போனது. பொட்டலப் பொருளின் மேல் இந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. அவை இல்லாத பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. எனக்குப் பணம் அப்படித்தான் திரும்பி வந்தது.

கட்டைவிரலை விடத் தடித்த கிளைக்குக் கத்தரியைத் திருகாதீர்கள். ஒரு கைரம்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் இருபது ஆண்டுகளுக்கு முன் வைத்த செம்பருத்தியும் நந்தியாவட்டையும் புதர் மண்டியிருந்தன. சுத்தம் செய்யச் சொன்னேன். நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் அறுத்துவிட்டார்கள். புத்துயிர் கொடுக்கும் கவாத்து என்று ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இப்போது, இவை பிழைக்காது, புதுச் செடி தருகிறோம் என்கிறார்கள். (தஞ்சாவூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள்: அந்தக் கட்டைகளைப் பிடுங்க யாரையும் விடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை இரண்டுமே அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கக் கூடியவை. அளவாகத் தண்ணீர் விடுங்கள். இலை இல்லாத செடி முன்போல் நீர் உறிஞ்சாது. உரமும் இப்போது வேண்டாம். இரண்டு மாதம் பொறுங்கள். தளிர்கள் கொத்தாக வந்தால், நாலு பக்கமும் பார்த்து நிற்கும் நாலைந்தை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.

பணத்தையும் விட்டுவிடாதீர்கள். கேட்டது சுத்தம் செய்ய, செய்தது வேறு. அதோடு, புத்துயிர் என்று சொல்லிப் பணம் வாங்கியவரே பிழைக்காது என்று சொல்லிச் செடி விற்கிறார். பணம் அனுப்பிய விவரம், கைப்பேசிச் செய்திகள், வெட்டிய கட்டைகளின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மனு எழுதத் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

கேள்வி: எங்கள் சைப்ரஸ் வேலி பத்தடி வளர்ந்துவிட்டது. நாலடிக்கு இறக்கினால் புதிதாகத் தளிர்க்கும் என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். (குன்னூர்)

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். தேயிலையை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டையாக வெட்டியும் அது தளிர்ப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் உங்களுடையது. சைப்ரஸும் துஜாவும் அந்த வகை அல்ல. பச்சை இல்லாத பழைய மரப்பகுதி வரை வெட்டினால் அங்கே மறுபடி தளிர் வராது. பழுப்புக் கட்டைதான் நிற்கும். பச்சை உள்ள பகுதிக்குள் மட்டும், ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

கேள்வி: ஓராண்டுத் தோட்டப் பராமரிப்புக்குப் பதினெட்டாயிரம் ரொக்கமாக முன்பணம் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. இரண்டு முறை வந்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. (திருச்சி)

பதில்: பெயர், முகவரி, ரசீது, வேலைப் பட்டியல் எதுவும் இல்லாமல் ஓராண்டுப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறீர்கள். இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. அவர் அனுப்பிய செய்தி ஏதாவது கைப்பேசியில் இருந்தால் அதை வைத்து 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அடுத்தவருக்கு, வேலை முடிந்த பின் அந்தந்த முறைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

கேள்வி: வெட்டிய இடமெல்லாம் பூச வேண்டும் என்று ஒரு டப்பா பசையைத் தலையில் கட்டிவிட்டார்கள். தேவையா? (சேலம்)

பதில்: வீட்டுச் செடியின் சிறு வெட்டுகளுக்குத் தேவையில்லை. காயத்தில் பூசும் மருந்துகள் மரம் அழுகுவதைத் தடுப்பதில்லை என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ பல ஆண்டு ஆய்வில் காட்டினார். சுத்தமான வெட்டைச் செடி தானே மூடிக்கொள்ளும். அந்தப் பணத்துக்கு ஸ்பிரிட் வாங்கி, ஒவ்வொரு செடிக்கும் இடையே அலகைத் துடையுங்கள்.

கேள்வி: வேகமாக வளரும், எப்போதும் பச்சை என்று சொல்லி வேலிக்குக் கோனோகார்பஸ் கன்று விற்கிறார்கள். (நாமக்கல்)

பதில்: வாங்காதீர்கள். குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் அதை நடத் தடை விதித்துவிட்டன.

கேள்வி: மல்லிகைக்கு எந்த மாதம் கவாத்து? (திண்டுக்கல்)

பதில்: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில். இது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை.

கேள்வி: அரளியை வெட்டியவர், கழிவை எடுத்துப்போகத் தனியாக ஐந்நூறு கேட்டார். மறுத்தேன். தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டார். (ஈரோடு)

பதில்: கழிவு யார் பொறுப்பு என்பதை வேலைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். அது பிறகு. அரளியின் இலை, தண்டு, பால் எல்லாமே நஞ்சு. ஆடு மாடு தின்றால் உயிர் போகும். எரித்தால் புகையும் கெடுதல். கையுறை போட்டுக்கொண்டு இன்றைக்கே அள்ளி, கால்நடை எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.