முந்தின நாள் சாயங்காலமே மலையேறிவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் நண்பன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேற்பார்வை பார்க்கிறான். பள்ளிக்கூடத்து சிமெண்ட் கோர்ட்டில் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் நெட்டை, அதனால் அவன் ‘டிர்க்’. நான் குட்டை, தூரத்திலிருந்து போடுவேன், அதனால் ‘டெர்ரி’. இரண்டும் அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்தில் டல்லாஸ் மாவரிக்ஸுக்கு ஆடியவர்களின் பெயர். 2006 ஃபைனல்ஸிலிருந்து இருவருக்கும் அதுதான் டீம். 2011-ல் கப் ஜெயித்த காலையில் அவன் வீட்டு மாடியில் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறோம். 2015-ல் பஞ்சாப் பையன் சத்னம் சிங்கை டல்லாஸ் எடுத்தபோது தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தோம். மேட்ச் முடிந்ததும் ஒரு போன், அப்புறம்தான் எங்களுக்கு மற்ற வேலை.

2025 பிப்ரவரியில் டல்லாஸின் பெரிய ஆட்டக்காரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் லூகா பின்னாலேயே போய்விட்டேன். அவன், ‘டீம்தான் முக்கியம், நீ கட்சி மாறிட்ட’ என்றான். ஏப்ரலில் லூகா டல்லாஸுக்கே வந்து 45 பாயின்ட் போட்ட அன்று சந்தோஷம் தாங்காமல் போன் பண்ணினேன். ‘அவன் இப்ப நம்ம ஆளு இல்ல’ என்றான். எனக்கு ஆத்திரம் வந்து, ‘நீ 2011-லயே நின்னுட்டடா, பழைய ஆளுங்க பேரையே சொல்லிக்கிட்டுக் கெட’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

வருகிற தையில் அவன் பெண்ணுக்குக் காதுகுத்து. பத்திரிகையை மச்சினனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். தானும் வரவில்லை, ஒரு போனும் இல்லை. கவர்மேல் என் பெயரைக்கூட எழுதாமல் ‘டெர்ரி குடும்பத்தாருக்கு’ என்று கிண்டலாக எழுதியிருக்கிறான். ‘அமெரிக்காவுல எவனோ பந்து போடறதுக்கு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்குவீங்களா’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ரசிகன் என்றால் டீமுக்கா, ஆளுக்கா? நான் போக வேண்டுமா?

பெயர் வேண்டாம், சேலம்.

பதில்:

தம்பி,

போக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. எப்படிப் போக வேண்டும், போய் என்ன பேச வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் வீட்டில் சிரிப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒன்பதாவது படித்த காலத்திலிருந்து கல்லூரி முடியும்வரை கூடைப்பந்து ஆடியவள். இன்றைக்கும் என் மகனோடு உட்கார்ந்து பார்க்கிறேன். டல்லாஸில் ராத்திரி ஏழரைக்குத் தொடங்குகிற ஆட்டம், குளிர்காலத்தில் நமக்குக் காலை ஏழு மணி. அடுப்பில் இட்லி வேகும், பிள்ளைகள் சாக்ஸைத் தேடும், அந்த நேரத்தில் பார்க்கிற ஆட்டம் அது. ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். கப்புக்கான பிளேஆஃப் சுற்றுகள் வந்தால் அதற்கு மேல். கூடப் பிறந்தவர்கள்கூட வருஷத்தில் 82 தடவை போனில் பேசிக்கொள்வது கிடையாது. நீங்கள் இருவரும் பத்தொன்பது வருஷம் பேசியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நின்றுபோனது இந்தப் பேச்சுதான் என்று தெரிந்தால் அவர் சிரிக்க மாட்டார்.

சரி, டீமுக்கா ஆளுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லூகாவைக் கொடுத்த செய்தி வந்தது நமக்கு ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 2, பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். செய்தியை இணையத்தில் போட்ட நிருபரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பாதிப்பேர் நினைத்தார்கள். என் மகனும் அதைத்தான் சொன்னான். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் டல்லாஸை ஃபைனல்ஸ்வரை கொண்டுபோன, 25 வயதே ஆன ஒரு ஆட்டக்காரரை ஒரு டீம் தானாகவே கொடுக்குமா? கொடுத்தது. ஆந்தனி டேவிஸும் மேக்ஸ் கிறிஸ்டியும் 2029 டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வில், முதல் சுற்றில் ஒருவரை எடுக்கிற உரிமையும் வாங்கிக்கொண்டு கொடுத்தது. அப்படிப் போன ஆள்மேல் உங்கள் மனசும் போனது என்றால், அது கட்சி மாறுவது ஆகாது. லூகா கேட்டுப் போகவில்லை. அனுப்பப்பட்டார்.

நீங்கள் சொல்கிற அதே ஏப்ரல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் முன்னால் லூகாவுக்காக ஒரு வீடியோ போட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். டல்லாஸ் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று லேக்கர்ஸ் 112-97 என்று ஜெயித்துவிட்டுப் போனது. கைதட்டிய அத்தனை பேரும் டல்லாஸ்காரர்கள். அடுத்த ஆட்டத்துக்கும் அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்து டல்லாஸுக்குக் கத்தினார்கள். ஏன், டிர்க் நோவிட்ஸ்கியே லூகா லேக்கர்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸுக்கு நேரில் போனார். ஒரே டீமுக்கு 21 சீசன் ஆடிய மனுஷர் அவர். அவரைவிட டல்லாஸ்காரர் யார்? ஆகவே உங்கள் நண்பர் ‘நம்ம ஆளு இல்ல’ என்றது சரியில்லை.

ஆனால் அவர் அங்கேயே நின்றாரே, அதையும் கொஞ்சம் பாருங்கள். வந்த டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே 26 பாயின்ட் போட்டுவிட்டு அடிபட்டு உட்கார்ந்தார். மார்ச் மாதம் டல்லாஸின் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் கைரி இர்விங்குக்கு முழங்கால் போனது. 39 ஜெயிப்பு, 43 தோல்வி, பிளேஆஃபுக்கு முந்தின பிளே-இன் சுற்றில் மெம்ஃபிஸிடம் அடி வாங்கி சீசன் முடிந்தது. இத்தனையையும் உங்கள் நண்பர் மலைமேல் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அப்புறம் மே மாதம் டிராஃப்ட் லாட்டரி, புது ஆட்டக்காரர்களை எந்த டீம் முதலில் எடுக்கலாம் என்று பார்க்கிற குலுக்கல். டல்லாஸுக்கு முதல் இடம் கிடைக்க 1.8 சதவீதம்தான் வாய்ப்பு. கிடைத்தது. நமக்கு மே 13 விடியற்காலை, இருட்டு விலகாத நேரம். உங்களுக்குள் பேச்சு நின்று ஒரு மாதம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் நண்பர் யாருக்குப் போன் பண்ணியிருப்பார் தம்பி? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நவம்பரில், லூகாவைக் கொடுத்த மேனேஜர் நிகோ ஹாரிசனை டல்லாஸ் நீக்கியது. மைதானம் முழுக்க மாதக்கணக்கில் அவரை அனுப்பச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் இருவருக்கும் ஒரே எண்ணமாகத்தான் இருந்திருக்கும். கீழே நீங்களும் மேலே அவரும் தனித்தனியாக அதைப் படித்திருக்கிறீர்கள்.

லூகா விஷயத்தில் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. திரும்ப வாங்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘பழைய ஆளுங்க பேரையே சொல்லிக்கிட்டுக் கெட’ என்றீர்களே, அது.

பழைய ஆட்களைப் பற்றி அவர் பேசுவது உங்களுக்கு ஏன் அலுத்துப்போனது என்று புரிகிறது. கையிலிருந்த லூகா போய்விட்ட கோபத்தில் இருக்கிறவனிடம் பதினாலு வருஷக் கதையைச் சொன்னால் எரிச்சல் வரும். ஆனால் அந்தக் கதைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். டிர்க்கோடு ஆடிய ஸ்டீவ் நாஷ் 2004-ல் டல்லாஸை விட்டு ஃபீனிக்ஸுக்குப் போனார். போய் அடுத்தடுத்து இரண்டு வருஷம் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கினார். டல்லாஸ்காரர்கள் வயிறு எரிந்த காலம் அது. 2006-ல் அதே நாஷ் இருந்த ஃபீனிக்ஸைத் தோற்கடித்துத்தான் டல்லாஸ் முதல்முறை ஃபைனல்ஸுக்குப் போனது, அங்கே இரண்டு ஆட்டம் முன்னால் இருந்தும் வரிசையாக நாலைத் தோற்றது. மறுவருஷம் 67 ஆட்டம் ஜெயித்துவிட்டு எட்டாம் இடத்து டீமிடம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. வெளியேறின பிறகு டிர்க் கையில் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தைக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஜேசன் கிட் கதையை எடுங்கள். 1994-ல் டல்லாஸ் எடுத்த பையன். 1996 டிசம்பரில் அவரையும் கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருஷம் வேறு ஊர்களில் ஆடிவிட்டு 2008-ல் திரும்பி வந்தார், 2011-ல் கப் வாங்கினார், 2021-ல் டல்லாஸுக்கே கோச்சாக வந்தார். 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது கூடைப்பந்துச் சாதனையாளர்கள் வரிசையில், டிர்க்கைச் சேர்த்தபோது மேடையில் பக்கத்தில் நிற்க அவர் யாரைத் தேர்ந்தெடுத்தார்? நாஷையும் கிட்டையும். இரண்டு பேருமே டல்லாஸை விட்டுப் போனவர்கள். உங்கள் நண்பர் 2011-ஐப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் மனசில் வைத்துத்தான் பேசியிருப்பார். லூகா போனது தாங்காமல், முன்னால் தாங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். எதிரில் கேட்க உங்களைத் தவிர அவருக்கு ஆள் கிடையாது. சத்னம் சிங் என்.பி.ஏ-வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 52-வது ஆளாக எடுத்ததோடு சரி. அவருக்காகத் தெருவுக்கு மைசூர்பாகு கொடுத்ததைப் பத்து வருஷம் கழித்து நீங்களே எனக்கு எழுதுகிறீர்கள். பழைய ஆட்களை நீங்களும் விடவில்லை.

இப்போது அந்தக் கவருக்கு வருகிறேன்.

2011 ஜூன் 13, திங்கட்கிழமை, காலை ஐந்தரை. மயாமியில் ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம். டிர்க்குக்குக் கை வரவே இல்லை. முதல் பாதியில் பன்னிரண்டு முறை போட்டு ஒன்றுதான் விழுந்தது. அதுவரை டீமைத் தூக்கி நிறுத்தியது யார்? பெஞ்சிலிருந்து வந்த ஜேசன் டெர்ரி. சீசன் ஆரம்பிக்கும் முன்னாலேயே கப் படத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட அந்தக் குட்டை மனுஷர் அன்றைக்கு 27 பாயின்ட் போட்டார். இரண்டாம் பாதியில் டிர்க் எழுந்தார், 105-95, கப். முடிந்த மறுநிமிஷம் டிர்க் கோர்ட்டில் நிற்க முடியாமல் உள்ளே போய் அழுதார். பரிசு கொடுக்க அவரைக் கூப்பிட்டு வர வேண்டியிருந்தது. அதே நேரத்தில் நீங்கள் இருவரும் மாடியில் அழுதுகொண்டிருந்தீர்கள்.

அந்த ‘டிர்க்’ பெண்ணின் காதுகுத்துக் கவரில் தன் கையால் ‘டெர்ரி’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் பெயர் தெரியாமலா? ‘பழைய ஆளுங்க பேரைச் சொல்லாதே’ என்று நீங்கள் சொன்ன பிறகும், அந்தப் பழைய பெயரிலேயே உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அதில் கிண்டல் தெரியவில்லை. வாய் வராத மனுஷர் எழுதி அனுப்பிய கூப்பாடு அது.

எனக்கு இப்படி ஒரு கவர் வந்தது, ரொம்ப நாளைக்கு முன்னால். கோர்ட்டில் எனக்குப் பாஸ் கொடுத்தே பழகிய தோழி. யார் கேப்டன் என்பதில் எங்களுக்குள் வார்த்தை முற்றிவிட்டது. அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, வாழ்த்துத் தந்தி மட்டும் அனுப்பினேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். ‘சௌக்கியமா’ என்றாள், ‘சௌக்கியம்’ என்றேன். பந்திக்கு வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தோம்.

அதனால் சொல்கிறேன், காதுகுத்து அன்றைக்குப் போகாதீர்கள். அன்றைக்குப் போனால் நீங்கள் விருந்தாளி. வாசலில் சந்தனம் கொடுப்பார்கள், சாப்பிட்டீர்களா என்பார்கள், மொய் எழுதிவிட்டு இறங்கிவிடுவீர்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள். நாற்காலி இறக்கவும், காய் நறுக்கவும், வாழைமரம் கட்டவும் அன்றைக்குத்தான் ஆள் வேண்டும். வேண்டப்பட்டவன் வருகிற நேரமும் அதுதான். குழந்தைக்குக் கொலுசு உங்கள் கையாலேயே செய்யுங்கள், கடைச் சரக்கை எடுத்துப் போகாதீர்கள். சலங்கை கொஞ்சம் அதிகமாக வையுங்கள்.

தைப் பனியில் இருட்டின பிறகு அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டிக்கு நல்லதில்லை, நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நால்ரோட்டுப் பக்கம் தட்டுவடை செட் கட்டி வாங்கிக்கொண்டால் நல்லது, மலைமேல் அந்த ருசி கிடைக்காது. போனதும் வாசலிலேயே, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘அன்னிக்கு 2011-ஐப் பத்தி நான் சொன்னது தப்புடா’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். லூகா பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவரே கேட்பார், கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது கூப்பர் ஃப்ளாக்கைப் பற்றி. அந்த லாட்டரியில் டல்லாஸுக்கு வந்த பையன் 2006 டிசம்பரில் பிறந்தவன். நீங்கள் இருவரும் டல்லாஸைப் பார்க்க ஆரம்பித்த அதே வருஷம். ‘எப்படிடா ஆடறான்?’ என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் தூக்குங்கள். உங்களிடம் சொல்ல அவரிடம் ஒரு சீசன் பாக்கி இருக்கிறது.

ராத்திரி அங்கேயே தங்குங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு டல்லாஸ் மேட்ச் இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள். இருந்தால், குழந்தையை மடியில் உட்கார வைக்கும் முன்னால் ஒரு குவார்ட்டராவது பார்த்துவிடலாம்.