சாத்புராவுக்குப் பெட்டி கட்டும் முன்

கேள்வி: போன வருடம் மத்தியப் பிரதேசத்தில் பேர்பெற்ற ஒரு புலிகள் காப்பகத்துக்குப் போனோம். ஒரு புலியைச் சுற்றி முப்பது ஜீப். என் மகன் பார்த்தது அதன் வாலை மட்டும்தான். கூட்டமில்லாத காடு ஒன்று சொல்லுங்களேன். 70 வயது அம்மாவும் பத்து வயது மகனும் உடன் வருவார்கள். மே மாதம் போகலாமா?
- குரோம்பேட்டை வாசகி

பதில்: வாலாவது பார்த்தானே! என் முதல் மூன்று சஃபாரியில் எனக்கு அதுவும் இல்லை.

அதே மாநிலத்தில், நர்மதாபுரம் மாவட்டத்தில் இருக்கிறது சாத்புரா. 1981இல் தேசியப் பூங்கா ஆனது. புலி உண்டு. ஆனால் புலியை மட்டும் நம்பிப் போனால் ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கும். கூட்டம் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம், நமக்கு நல்லதுதான். கரடி, காட்டுமாடு, சிறுத்தை, செந்நாய், மர உச்சியில் மலையணில் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஊர்களைக் காலி செய்து புல்வெளியாக விட்ட இடங்களில், அதே மாநிலத்துக் கான்ஹா பூங்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட பாரசிங்கா மான்களும் மேய்கின்றன.

முக்கிய நுழைவாயில் மடாய் என்ற இடம். தேன்வா ஆற்றை மோட்டார் படகில் கடந்தால் அக்கரையில் ஜிப்சி என்கிற திறந்த ஜீப் காத்திருக்கும். சில நிமிடப் பயணம்தான், அம்மாவைக் கைபிடித்து ஏற்றி இறக்கினால் போதும்.

மே மாதம் நீங்கள் மட்டும் என்றால் போங்கள் என்பேன். குளம் குட்டை வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு மிருகங்கள் வந்துதானே ஆக வேண்டும்? ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஜிப்சிக்குக் கூரை கிடையாது. அம்மாவை அதில் உட்கார வைக்காதீர்கள். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துப் போங்கள். புத்தாண்டுக் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும். குளிர் மட்டும் கடுமை. விடியற்காலைத் திறந்த ஜீப்பில் முதல் நாள் என் விரல் மரத்துப்போய், கேமராப் பொத்தானை அழுத்த முடியவில்லை. மங்கி குல்லா, கையுறை, இரண்டு அடுக்கு ஸ்வெட்டர் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காகப் பூங்காவை மூடிவிடுவார்கள். அக்டோபர் 1 முதல் ஜூன் 30 வரைதான் பருவம். இன்னொன்று, புதன்கிழமை பிற்பகல் சஃபாரி கிடையாது. இது தெரியாமல் செவ்வாய் இரவு போய் இறங்கினால் அரை நாள் வீண்.

அனுமதிச் சீட்டை மாநில வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு ஜிப்சியில் ஆறு பேர் போகலாம், வழிகாட்டி கட்டாயம். பதிவு செய்யும்போது கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். எங்கள் வீட்டுக்காரர் அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலோடு வந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கு மணி நேரம், மூன்று டீ. எதிரே தண்ணீரோரம் கூட்டமாக வரித்தலை வாத்துகள். நம் கூந்தன்குளத்துக்கு இமயம் தாண்டி வருகிற அதே வாத்து. மறுநாள் காட்டுக்குள் பார்த்தவை பாதி மறந்துவிட்டன, அந்த வாத்துகள் மறக்கவில்லை.

போக்குவரத்து சுலபம். சென்னை சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் இட்டார்சி. அங்கிருந்து ஜபல்பூர் பாதையில் சுமார் 50 கி.மீ. போனால் சோஹாக்பூர், அப்புறம் மடாய்க்கு 20 கி.மீ. போல. அம்மாவுக்காக இட்டார்சியிலேயே கார் பேசிவிடுங்கள்.

மூன்று சஃபாரி போதும். ஆறு போட்டால் பையனுக்குக் காடே கசந்துவிடும். இங்கே வன ஊழியரோடு நடந்து போகவும் அனுமதி உண்டு, இந்தியத் தேசியப் பூங்காக்களில் இது அபூர்வம். சின்னப் பிள்ளைகளை நடைக்குச் சேர்க்க மாட்டார்கள். அவன் பாட்டியோடு ஆற்றங்கரையில் இருக்கட்டும், நீங்கள் ஒரு காலை நடந்துவிட்டு வாருங்கள். மரத்தில் கரடி நகம் இழுத்த கோடு, தோண்டிப்போட்ட கறையான் புற்று, இதெல்லாம் ஜீப்பில் போனால் கண்ணில் படாது. திரும்பி வந்து மகனுக்கு ஒன்று சொல்லுங்கள்: இந்தக் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும்.

அவன் பெரியவனானதும் மார்ச் கடைசியில் ஒருமுறை கூட்டிப் போங்கள். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன், அங்கே மஹுவா என்று கொண்டாடுவது நம் இலுப்பையைத்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், அங்கே உதிர்ந்த பூவுக்குக் கரடியே தேடி வருகிறது.

கேள்வி: பெரிய லென்ஸ் வாங்கலாமா, பைனாகுலர் வாங்கலாமா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.
- திண்டுக்கல் வாசகர்

பதில்: பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் பெரிதாக்கிக் காட்டுகிற கருவி ஓடும் ஜீப்பில் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். வீட்டில் மூன்று பேர் என்றால் இரண்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் புலி வரும் நேரத்தில் குடும்பச் சண்டை வரும்.

கேள்வி: எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. வழிகாட்டியிடம் எப்படிப் பேசுவது?
- ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்

பதில்: பேசாமல் இருப்பதே அங்கே நல்ல பழக்கம். சரி, நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். பாக் என்றால் புலி, தேந்துவா சிறுத்தை, பாலூ கரடி. ருக்கோ என்றால் வண்டி நிற்கும். அதை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் கண்டக்டர் மாதிரி ஒரு சத்தம் போட்டார். வண்டி நின்றது, கடமான் நிற்கவில்லை.